வெள்ளத்தன்றும் இருபத்தேழு

மார்ச் 5, புதன். சாம்பல் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நடந்தே வீடு வந்தேன். இந்தத் தவக்கால ஒறுத்தலுக்கு டீயை விட்டிருக்கிறேன். அதோடு, ஈஸ்டர் பாஸ்கா வரை இந்த நோட்டில் எழுதி வருவதாக மாதாவிடம் நேர்ந்திருக்கிறேன். சிலிண்டர் மாற்றிய தேதி, குழாயில் தண்ணீர் வந்த நேரம், சாயங்காலம் வந்த பறவைகளின் எண்ணிக்கை, இந்த மூன்றைத் தவிர நான் எதையும் எழுதிப் பழகியவள் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோணலாக இருந்தாலும் கணக்கு கோணலாக இருக்காது என்று அவர் சொல்வார்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் தஸ்நேவிஸ். இந்தத் தூத்துக்குடியில் முப்பத்தொரு வருடம் உப்பளத்தில் எடை எழுதியவர். இறந்து ஒரு வருடமும் மூன்று வாரமும் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பழைய குருத்தோலைகளைச் சாம்பலுக்குக் கேட்டார்கள். பீரோ மேலிருந்த ஓலைச் சிலுவையைக் கொடுத்துவிட்டேன். கீழ்வீட்டுக் குணசீலி அக்கா என் பால்கனியை அண்ணாந்து பார்த்து, கம்பியில் கட்டியிருக்கும் நாலு காய்ந்த பனையோலையையும் கொடுத்திருக்கலாமே, ஒட்டடை அடைகிறதே என்றார். அது கோயிலில் மந்திரித்த ஓலை இல்லை என்றேன். பிறகு எதற்குக் கட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி மேலே வந்துவிட்டேன்.

அடுப்பில் பால் இல்லை.

மார்ச் 8, சனி

மகள் டெல்பின் செய்த வேலை. அப்பாவின் வருட நினைவுப் பூசைக்கு ஷார்ஜாவிலிருந்து வந்தவள், என் பறவை நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துத் தன் பேஸ்புக்கில் போட்டுவிட்டாள். பன்னிரண்டு வருடமாக அம்மா எழுதிய கணக்கு என்று பெருமையாக எழுதினாளாம். அதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு ஒரு பெண் தேடி வந்தாள்.

முப்பது வயது இருக்கும். கோவில்பட்டிக்காரி. பெயர் பேச்சியம்மாள். முதுகில் பெரிய பை, அதற்குள் கம்ப்யூட்டர். "கார்டுல பேச்சின்னு மட்டும் போட்டிருக்கேன். சென்னைல இத்தாலிக்காரப் பேரான்னு கேக்காவ" என்று சொல்லிச் சிரித்தாள். என்னை முதலில் ஆன்ட்டி என்றாள். அது வேண்டாம் என்றதும் சித்தி ஆகிவிட்டேன்.

அவள் தொழில் இது: ஊருக்குள் குறைந்துவரும் பறவைகளின் எண்ணிக்கையை எடுத்து அதைப் படமாக மாற்றுகிறாள். வெறும் கோடும் கட்டமும் இல்லை. ஒரு பறவைக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. எந்த நாளில் எத்தனை வந்ததோ அத்தனை புள்ளிகள் சுவரில் பறக்கும். பார்க்கிறவர்களுக்கு எண் மறந்துபோகும், வெளிச்சம் குறைவது மறக்காது என்றாள். கடற்கரைச் சாலையில் மூட்டை அடுக்கும் பழைய உப்புக் கிட்டங்கியின் சுவரைக் கேட்டு வாங்கியிருக்கிறாளாம். அதில் பனை உழவாரனைக் காட்ட வேண்டும். நாங்கள் பனைக்குருவி என்று சொல்லும் பறவைதான். பனையோலையின் அடியில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டும். பனை இல்லாவிட்டால் அதற்கு வீடு இல்லை. இந்த ஊருக்குள் அதை யாரும் எண்ணி வைக்கவில்லையாம், என்னைத் தவிர.

எப்படித் தொடங்கியது என்று கேட்டாள். சொன்னேன். எதிர்மனையில் அப்போது பதினோரு பனை நின்றது. அவர் வேலை முடிந்து வந்து, குளித்து, பால்கனியில் உட்காரும் நேரம்தான் அவை கூட்டமாகச் சுற்றிவந்து ஓலைக்குள் நுழையும். ஒருநாள் அவர் நாற்பது என்றார், நான் அறுபது என்றேன். கோயிலில் மாலை ஜெபத்துக்கான திரிகால மணி அடித்ததும் ஜெபமாலையை எடுத்து, ஒரு பறவைக்கு ஒரு மணி உருட்டி எண்ணினேன். அறுபத்து மூன்று. மறுநாளும் அவர் "எத்தனை?" என்று கேட்டார். அப்புறம் தினமும் கேட்டார். 2012 புத்தாண்டிலிருந்து நோட்டில் எழுதினேன்.

பேச்சி பால்கனிக்குப் போய்ப் பார்த்தாள். எதிரே லாரி செட்டுதான் இருக்கிறது. மரம் எப்போது போனது என்றாள்.

"அவுக போன பிறகு" என்றேன்.

ஓலையைத் தொட்டுப் பார்த்து, அழகுக்குக் கட்டியதா என்றாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை. மீன் வாங்கவில்லை. ஒரு ஆளுக்கு எதற்கு.

மார்ச் 14, வெள்ளி

கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போய் வந்தேன். தண்ணீர் காலை 5.20 முதல் 6.05 வரை.

எண்களையெல்லாம் தானே கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சி சொன்னாள். என் நோட்டு இந்த வீட்டைவிட்டுப் போகாது என்றேன். டெல்பின் விட்டுப்போன பழைய டேப்லெட் இருக்கிறது. அதில் கட்டம் போட்ட கணக்குத்தாளில் ஏற்றக் கற்றுக்கொண்டிருக்கிறேன். யூடியூபில் ஒருவர் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். ஒரு கட்டத்தில் தேதி, அடுத்ததில் எண். ஒரு நாளைக்கு ஒரு வருடம் ஏற்றுகிறேன். 2012 முடிந்தது. 2013-ல் இரண்டு மரம் வெட்டிய இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.

ஏற்றிய ஒவ்வொரு எண்ணையும் இரண்டாம் தரம் சரிபார்க்கிறேன். யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும்.

மார்ச் 17, திங்கள்

மூன்று நாளாக ராவும் பகலும் அதே வேலை. நாலாயிரத்து நானூறுக்கு மேல் எண்கள். ஏற்றி முடித்ததும், யூடியூப்காரர் சொன்னபடி மொத்தத்தையும் தேர்ந்து ஒரு பொத்தானை அழுத்தினேன். படம் வந்துவிட்டது.

இடது பக்கமெல்லாம் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குகிறது. மழைநாளில் ஒன்பது, மறுநாள் அறுபத்தொன்று. மரம் குறையக் குறையப் பல்லும் குட்டையாகிறது. 2021 ஜூனில் ஒரு வாரம் காலி. அதற்குப் பிறகு வலது கடைசி வரை ஒரே கோடு. எண்ணெய் வைத்து வாரிய தலை மாதிரி. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தேழு.

நோட்டில் பக்கம் பக்கமாக இருந்தபோது அது எனக்குத் தெரியவே இல்லை.

டேப்லெட்டைக் குப்புற வைத்துவிட்டு அரிசி களைந்தேன்.

மார்ச் 19, புதன். சூசையப்பர் திருநாள்

நேர்ந்துகொண்டு எழுதுகிற நோட்டிலும் பொய் எழுதினால் நான் எதற்கு நேர்ந்தேன்? எழுதிவிடுகிறேன்.

2021-ல் எதிர்மனையில் நாலு பனைதான் மிச்சம். அந்த ஜூன் மாதம் அவருக்குச் சர்க்கரையால் காலில் புண். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முன்பே மங்கிக்கொண்டிருந்த கண்ணும் அங்கே வைத்து முழுதாகப் போய்விட்டது. கொரோனா சமயம் என்பதால் பார்க்க ஆள் வரவில்லை. பதினேழாம் தேதி மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது நாலு மரமும் துண்டு துண்டாகக் கிடந்தது. சாயங்காலம் பறவைகள் வந்தன. மரம் இருந்த இடத்தில் காற்றில் சுற்றிச் சுற்றிக் கத்தின. இருட்டிய பிறகு எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

இருபத்து நான்காம் தேதி அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஒரு காலில் பாதம் இல்லை, இரண்டு கண்ணிலும் வெளிச்சம் இல்லை. திரிகால மணி அடித்தது. "எத்தனை வந்துது லெத்தி?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் அவர் எதையும் கேட்கவில்லை, வாய் திறந்து தண்ணீர்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இருபத்தேழு என்றேன்.

"எழுதிட்டியா?" என்றார்.

வாயால் சொன்னது ஒன்றும் நோட்டில் எழுதியது ஒன்றுமாக இருக்கக் கூடாது என்பது என் வழக்கம். அதனால் எழுதினேன். சொல்லாமல் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். எழுதாமல் இருந்திருந்தால் ஒருநாளோடு போயிருக்கும். மறுநாளும் கேட்டார்.

வெட்டிப் போட்டிருந்ததில் நாலு ஓலையை எடுத்துவந்து பால்கனிக் கம்பியில் கட்டினேன், காற்றுக்குச் சத்தம் வரட்டும் என்று. அன்றைக்கு அவர் தலையைத் திருப்பிக் கேட்டுவிட்டு, "மரம் நம்ம வீட்டுக்குக் கிட்ட வந்துட்டு போல" என்று சிரித்தார். சந்தேகப்படவில்லை.

2021 ஜூன் 24 முதல் 2024 பிப்ரவரி 10 வரை. 962 நாள். எண்ணிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

ஏற்றியதை அப்படியே பேச்சிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பாமல் இருக்கக் காரணம் சொல்ல வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பேச்சி போன் செய்தாள். குதிக்காத குறை. வானத்திலிருந்து எடுத்த பழைய படங்களைப் பார்த்தாளாம். எதிர்மனை மரங்கள் 2021-லேயே இல்லை.

"உங்களுக்கு வருஷம் மறந்துபோச்சு சித்தி, பரவால்ல. ஆனா பாருங்க, மரம் போன பிறகும் இருபத்தேழு வந்திருக்கு. எங்க தங்கிருக்கும்? நோட்டு இல்லன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

என் ஞாபகத்தைவிட என் நோட்டை நம்புகிறாள். எல்லாரும் அப்படித்தான். தெரு ஜெபக்குழுவான அன்பியத்தின் வரவுப் புத்தகம்கூட ஒன்பது வருடமாக என்னிடம்தான் இருக்கிறது.

நான் ம் கொட்டினேன்.

மார்ச் 27, வியாழன்

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

பழைய சரக்கு ரயில் பாதை ஓரத்தில் ஒன்பது பனை நிற்கிறது. ஊருக்குள் உழவாரன் தங்கும் கடைசி இடம் அதுதான் என்கிறாள் பேச்சி. சாலையை அகலப்படுத்த அதை வெட்டக் கேட்டிருக்கிறார்கள். அனுமதி கொடுப்பதற்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் இன்று. சித்தி, நீங்கள் வந்து உட்கார்ந்தாலே போதும் என்று என்னையும் கூட்டிப்போனாள்.

பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு மின்விசிறி, அதிகாரி நடுவில். பேச்சி திரையில் என் எண்களைப் புள்ளிகளாக ஓடவிட்டாள். பதினோரு பனையில் அறுபது எழுபது புள்ளி. மரம் ஒன்று அணையும்போது ஐந்தாறு புள்ளியும் அணைந்தது. நான் எண்ணிய ஒவ்வொன்றும் அங்கே பறந்தது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

அப்போது சாலை ஒப்பந்தக்காரர் பக்கத்து ஆள் எழுந்தார். மரியாதையான மனிதர். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார்.

"இந்தம்மா கணக்கையே எடுத்துக்கிடுவோம் சார். 2021-ல மரம் ஒண்ணுகூட இல்ல. அதுக்குப் பிறகு மூணு வருஷம் இருபத்தேழு பறவை குறையாம இருக்கு. இருக்கிற இடத்துக்கு அது பழகிக்கிடும். நான் சொல்லல, அவங்க நோட்டு சொல்லுது."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சேலை முந்தானையைப் பார்த்தேன்.

அடுத்த கூட்டம் ஏப்ரல் 22.

மார்ச் 28, வெள்ளி

சிலுவைப் பாதைக்குப் போகவில்லை. தலைவலி.

ஏப்ரல் 2, புதன்

நோட்டை அடித்துத் திருத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒன்பது மரம் தப்பலாம். ஆனால் அவர் கடைசி வரை நம்பிக்கொண்டிருந்த ஒன்றை நானே அவர் கையிலிருந்து பிடுங்கியதாகும். பார்வை போன மனிதருக்கு நான் கொடுத்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மாத்திரையும் கஞ்சியும்.

எல்லாருக்கும் தெரிந்துவிடும். குணசீலி அக்காவுக்கு, அன்பியத்துக்கு. டெல்பினுக்கு.

பால் பொங்கிவிட்டது. உண்மையாகவே.

ஏப்ரல் 5, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார். சொன்னேன். கட்டிய கணவருக்கு 962 நாள் பொய் சொல்லியிருக்கிறேன், அதைக் கணக்கிலும் ஏற்றியிருக்கிறேன், அந்தக் கணக்கை வைத்து இப்போது ஒரு கெடுதல் நடக்கப்போகிறது. அவர் தொண்டையைச் செருமினார். சிரிப்பை அடக்குகிறாரோ என்று தோன்றியது. பிறகு, முதல் பகுதி அன்பினால் செய்தது, கடைசிப் பகுதியை மட்டும் சரிசெய்யுங்கள் என்றார். அபராதம் மூன்று அருள்நிறை மந்திரம்.

962 நாளுக்கு மூன்று. அவருக்குக் கணக்கு வராது போல.

வீட்டுக்கு வந்து, பொய் சொன்ன ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று வீதம் நானே சொல்லத் தொடங்கியிருக்கிறேன். இன்றைக்கு 150.

ஏப்ரல் 11, வெள்ளி

962-ம் முடிந்தது. பேச்சியை வரச் சொன்னேன்.

அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். காபி ஆறிப்போனது.

அவளுக்கும் அந்தக் கோடு உறுத்தியதாம். 2023 டிசம்பர் 18-ம் தேதியை அவள் தனியாகப் பார்த்திருக்கிறாள். ஊரே வெள்ளத்தில் கிடந்த நாள். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். "வெள்ளத்தன்னைக்கும் இருபத்தேழு போட்டிருக்கீங்க சித்தி. பார்த்தேன். கேக்கணும்னு நினைச்சேன். உங்க கையெழுத்தைப் பார்த்ததும் கேக்கல. எம்மேலயும் தப்பு இருக்கு."

பிறகு கேட்டாள். "மாமாவுக்கு உண்மையிலயே தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

அவள் பால்கனி ஓலையைப் பார்த்தாள். காற்றில் சரசரத்துக்கொண்டிருந்தது. அது மரத்து ஓலைபோல மேலே இல்லாமல் கைக்கெட்டும் உயரத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில் சரசரத்தது.

கம்ப்யூட்டரில் அந்த மூன்று வருடத்தையும் அழித்துவிடலாம், தகவல் இல்லை என்று போட்டுவிடலாம் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தகவல் இருக்கிறது. தினமும் சாயங்காலம் நான் பால்கனியில் நின்றேன். தினமும் பார்த்தேன். பூஜ்யம்.

ஏப்ரல் 13, ஞாயிறு. குருத்தோலை ஞாயிறு

புது ஓலையில் சிலுவை மடித்துப் பீரோ மேல் வைத்தேன்.

மதியத்திலிருந்து திருத்தத் தொடங்கினேன். கணக்கில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. பழைய எண் தெரியும்படி குறுக்கே ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். எடை எழுதும் வேலையில் அவர் பழகியது. எனக்கும் அவர்தான் சொல்லித்தந்தார். சிவப்புப் பேனா. 27 மேல் கோடு. 0. லெ.

இன்றைக்கு 140 நாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

திருத்தும்போது ஓரத்தில் எழுதியிருப்பதையும் படிக்க வேண்டியிருக்கிறது. அவர் ஏதாவது சொன்னால் எழுதிவைத்திருக்கிறேன்.

2022 மார்ச் 3: "கொஞ்சம் கூட்டி எழுது லெத்தி. இந்நேரம் குஞ்சு பொரிச்சிருக்கும்லா."

அன்றைக்கு முப்பது என்று எழுதினேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்போது எனக்கு ஒரு கூட்டல் கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

2022 ஆகஸ்ட் 9: பால்கனியில் உட்கார வைக்கவா என்று கேட்டேன். "வேண்டாம். நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு. நீ சொல்லுததுதான் நல்லாருக்கு."

ஏப்ரல் 16, புதன்

2023 டிசம்பர் 18: கரண்டு இல்லை. மெழுகுவத்தி. மேல்தளம் ஒழுகிக் கட்டிலின் கால்மாடு நனைந்துவிட்டது. "எத்தனை?" என்றார். இருபத்தேழு என்றேன். வெளியே தண்ணீர்ச் சத்தம். ரொம்ப நேரம் கழித்து, "சரி. நனையாம இருந்தாச் சரி" என்றார்.

இதற்கும் கோடு போட்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

உபவாசம். மூன்று மணிக்குக் கோயில். பேனா எடுக்கவில்லை.

ஏப்ரல் 19, பெரிய சனி

கடைசிப் பக்கம். 2024 பிப்ரவரி 10.

அன்றைக்கு மணி அடித்தும் அவர் கேட்கவில்லை. நானாகப் போய் இருபத்தேழு என்று சொன்னேன். அவர் சொன்னதை ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: "சரி. நாளைல இருந்து எண்ண வேண்டாம் லெத்தி. நின்னு நின்னு உனக்குக் கால் வலிக்கும். இங்க வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். விடிவதற்கு முன் இறந்துவிட்டார்.

காய்ச்சல் வேகத்தில் ஏதோ பேசினார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அடக்கத்துக்கு வந்தவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அதே பக்கத்தில், அதற்கு நேர்மேலே, மாலை 5.40 காய்ச்சல் 98.4 என்று இருக்கிறது. என் கையெழுத்துதான்.

கோடு போட்டேன். 0. லெ. கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. அதைத் திருத்தவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு. பாஸ்கா

டெல்பின் வீடியோவில் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்பா எங்கிட்ட ஒரு தடவை சொன்னாங்கம்மா" என்று தொடங்கினாள். குழம்பு கொதிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நான் கேட்கப்போவதில்லை. இன்னும் டீ குடிக்கவில்லை. தவக்காலம் முடிந்தது இதை எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

கூட்டத்துக்கு நோட்டைக் கையோடு கொண்டுபோனேன். முதல் முறையாக வீட்டைவிட்டு வெளியே வந்தது. அதிகாரி மேசைமேல் விரித்துவைத்தேன். பேச எழுதிக்கொண்டு போயிருந்தேன், அதை எடுக்கவில்லை.

"ஐயா, இந்த இருபத்தேழு நான் எழுதின பொய். எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது, மரத்த வெட்டினத அவுககிட்ட சொல்ல மனசு வரல. மரம் போன அன்னைக்கே பறவையும் போச்சு. பழகிக்கிடல. சுத்திச் சுத்திக் கத்திட்டுப் போச்சு, நான் பாத்தேன்."

ஒப்பந்தக்காரர் பக்கத்து ஆள், முன்பு பொய் எழுதியவர் இப்போது எழுதுவது மட்டும் மெய் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். அடித்த ஒவ்வொரு எண்ணும் அடியில் தெரிகிறதா என்று பார்த்தார். 962 கையெழுத்தையும் பார்த்தாரோ என்னவோ. பிறகு, இப்படித் திருத்துகிறவர்களை இந்த ஆபீசில்கூட நான் பார்த்ததில்லை என்று மட்டும் சொன்னார்.

பறவைகள் குஞ்சு பொரித்து முடிக்கும்வரை ஒன்பது மரத்தையும் தொடக் கூடாது, அதற்குள் வேறு ஆட்களை வைத்தும் எண்ண வேண்டும் என்று எழுதினார்கள். அதற்கப்புறம் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் பேச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நாலு மணிக்கு பஸ்.

ஏப்ரல் 24, வியாழன்

குணசீலி அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. படியில் பார்த்தபோது என் கைப்பையை வாங்கி மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 26, சனி

கிட்டங்கிச் சுவர். ஏழு மணிக்கு இருட்டியதும் ஆரம்பித்தார்கள். நூறு நூற்றைம்பது பேர் இருக்கும். ஐஸ் வண்டிகூட வந்திருந்தது.

ஒரு வருடம் ஒரு நிமிடம். சுவர் முழுதும் பதினோரு பனை மங்கலாக நின்றது. வெளிச்சப் புள்ளிகள் கூட்டமாக வந்து சுற்றி ஓலைக்குள் நுழைந்தன. குழந்தைகள் எண்ணிப்பார்த்துத் தோற்றார்கள். மழைநாளில் குறைந்து, மறுநாள் நிறைந்து. என் விரல் தானாக மணி உருட்டியது. கையில் ஜெபமாலை இல்லை.

மரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி நாலும் ஒரே நேரத்தில்.

அப்புறம் இருட்டு. 962 நாள் இருட்டு, இரண்டரை நிமிடத்துக்கு மேல். அந்த நேரத்துக்கு என் பால்கனி ஓலையின் சத்தத்தைப் பதிவு செய்து போடச் சொல்லியிருந்தேன். அது மட்டும் கேட்டது. யாரோ கரண்டு போய்விட்டதா என்றார்கள். ஒரு குழந்தை, முடிஞ்சிட்டாம்மா என்று கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு அடங்கி, எல்லாரும் ஒன்றுமில்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று வருடம் நான் ஒருத்தியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இல்லை. வீட்டுக்குள்ளே ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் சுவரில் இரண்டே வரி எழுத்து வந்தது. என் பெயர் மட்டும் போடுவதாகச் சொன்னவளை நான்தான் மாற்றச் சொன்னேன்.

எண்ணியவர்: லெத்திசியா.
கேட்டவர்: தஸ்நேவிஸ்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேர்ந்தது பாஸ்கா வரைதான். ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டேன், இன்னும் ஒரு நாள் மட்டும் எழுதுகிறேன்.

ஓலைகளை அவிழ்த்துக் குணசீலி அக்காவிடம் விறகுக்குக் கொடுத்தேன். பால்கனி கம்பியில் கயிறு கட்டியிருந்த இடத்தில் துருப்பிடித்திருக்கிறது. தேய்த்துவிட்டேன்.

சாயங்காலம் சரக்கு ரயில் பாதைக்கு நடந்து போனேன். இருபது நிமிடம். ஒன்பது பனை. தண்டவாளத்தில் உட்கார்ந்தேன். மணி அடித்தது. வந்தன. மணி உருட்டி எண்ணினேன். சந்தேகம் வந்த இரண்டைச் சேர்க்கவில்லை.

31.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றும்போது சத்தமாகச் சொன்னேன். முப்பத்தொண்ணு. யாரும் எழுதிட்டியா என்று கேட்கவில்லை.

எழுதிவிட்டேன்.